பிளேஸ்டோவில் ஒரு நரகம்

லண்டன் பிளேஸ்டோவில் ஒரு கிறிஸ்தவச் சபையார் மண்டபத்தை இருட்டாக்கி, நரகம் என்று காட்டி ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். யோகராஜா களைத்துப்போய்ப் பாஸ்டரின் முன்னால் நின்றார்.

"போன கிழமை இதைப் பார்த்துப் பயந்த என்ர மகள், ஞானஸ்நானம் எடுக்கப்போறாளாம். இனி விம்பிள்டன் கோயிலில சனத்தின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது?"

"கர்த்தர் அவளைக் கூப்பிடுறார், அண்ணை."

"கர்த்தரோ? நெருப்புக்குள்ள நிண்டு கத்தின பிசாசெல்லோ அவளை வெருட்டினது!"

பாஸ்டர் சிரித்தார். "அப்ப அந்தப் பிசாசு ஆரெண்டு அவளுக்குச் சொல்லுங்கோ. பயம் போயிடும்."

"ஏலாது. வீட்டில செக்கியூரிட்டி வேலை எண்டெல்லோ சொல்லி வைச்சிருக்கிறன்."

வாசலில் அடுத்த கூட்டம் வந்துவிட்டது. யோகராஜா பெருமூச்சுடன் கொம்புகளை எடுத்து மாட்டிக்கொண்டார்.