ஏற்றுமதியான மகன்

தடையிலா வணிக ஒப்பந்தத்தின்படி அச்சிறு தீவு நாடு தேயிலையோடு பிள்ளைப் பாசத்தையும் ஏற்றுமதி செய்து வந்தது. இராசமலரின் மகன் தனுராஜ், அடுத்த அறையில் கணினித் திரைமுன் அமர்ந்து, கடலுக்கு அப்பாலிருந்த மாட்டில்டா என்னும் மூதாட்டிக்கு மாலைதோறும் மகனாகப் பணிபுரிந்தான்.

அவன் "மம்மி, மம்மி" என்று குழையும்போதெல்லாம் இராசமலருக்கு வயிறு எரிந்தது. பணி முடிந்தபின் அவளோடு பேச அவனிடம் ஒரு சொல்லும் மிஞ்சுவதில்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அவ்வறை வாயிலில் போய் நின்றாள்.

"இஞ்சை ஒருத்தி இருக்கிறது தெரியேல்லையோ, ராசா?"

"மெல்லக் கதையுங்கோ அம்மா, அங்கை கேக்கும்," என்றான் அவன், திரும்பிப் பாராமலே.

ஒப்பந்தமோ இருவழியானது. மறுநாள் மாலை அவளும் சுங்கவரியின்றி மாட்டில்டாவின் நாட்டிலிருந்து ஒரு மகனைத் தன் திரைக்குத் தருவித்தாள்.

"அம்மா... சாப்பிட்டு... ஆச்சோ?" என்று செம்பட்டைத் தலை இளைஞன் ஒருவன் திக்கித் திக்கிக் கேட்டான்.

"இன்னும் இல்லை, ராசா. நீ சாப்பிட்டியோ?" என்றாள், வேண்டுமென்றே சற்று உரக்க.

அடுத்த அறையில் "மம்மி" பாதியில் நின்றது. கதவைத் திறந்துகொண்டு தனுராஜ் வந்தான்.

"ராசாவோ? ஆரம்மா இவன்?"

இராசமலர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மெல்லக் கதை, தம்பி. அங்கை கேக்கும்."