மீசையில் பாதியைக் காணோம்

“அந்த விஷயத்தை மட்டும் உளறிடாதே, ப்ளீஸ்!” ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று கெஞ்சினான் கணவன்.

“வாயே திறக்க மாட்டேன், போதுமா?”

“வாயைத் திறக்காம எப்படி இன்டர்வியூ? தலைவலியைப் பத்தி மட்டும் சொல்லாதே. போன ரெண்டு ஆஸ்பத்திரியிலயும் உண்மையைச் சொல்லித்தானே கோட்டை விட்டே? தலைவலி டாக்டருக்கே தலைவலின்னா எவன் வேலை குடுப்பான்?”

அவன் சொன்னதும் நியாயம்தான். இங்கே தலைவலிப் பிரிவில் ஒரே ஒரு டாக்டர் இடம்தான் காலி. படிக்கும்போதிருந்தே அவள் ஏங்கிக் கிடந்த வேலை. ஆனால் பாருங்கள், அவளையே ஒற்றைத் தலைவலி மாதம் தவறாமல் வந்து புரட்டி எடுத்துவிடும்.

உள்ளே அந்தப் பிரிவின் டாக்டர்கள் மூன்று பேர். நடுவில் தலைமை டாக்டரம்மா. ஒரு பக்கம் பெரிய மீசைக்காரர், மறுபக்கம் கண்ணாடிக்காரர். கேட்ட கேள்விக்கெல்லாம் வெளுத்து வாங்கினாள். மீசைக்காரர் அடுத்த கேள்விக்குத் தொண்டையைச் செருமிய நேரத்தில், அவளுடைய இடது கண்ணோரம் ஏதோ மினுமினுத்தது.

‘ஐயையோ, இப்பவா!’

“ஒற்றைத் தலைவலி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சில நோயாளிகளுக்குக் கண்ணுல என்ன தெரியும்?” என்று கேட்டார் அவர்.

விடை கண்ணெதிரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துப் பார்த்துச் சொன்னாள்.

“ஓரத்துல ஒரு கோடு சார். பளபளன்னு மின்னுது. ரம்பப் பல் மாதிரி வளைஞ்சு பெருசாகுது... இப்ப உங்க மீசையில பாதியைக் காணோம்!”

சொன்ன பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு!

மீசைக்காரர் மேசையைத் தட்டிக்கொண்டு துள்ளி எழுந்தார்.

“அதே கோடு! அதே ரம்பம்! எனக்கு வலது பக்கம் வரும்!”

“உங்களுக்காவது முன்னாடியே தகவல் வருது,” என்று பொங்கினார் கண்ணாடிக்காரர். “எனக்கு நேரா இடிதான். பக்கத்து வீட்டுல வெங்காயம் வதக்கினாலே ஆள் காலி!”

“நீங்கல்லாம் என்ன பெரிய தலைவலி?” டாக்டரம்மா ஓடிப்போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். “கல்யாணத்தன்னைக்கு இருட்டு ரூம்ல சுருண்டு கிடந்தேன். ஆல்பம் பூரா மாப்பிள்ளை மட்டும்தான் நிக்கிறார்!”

அறையே சிரிப்பில் குலுங்கியது. மூன்று பேரும் ஆளுக்கொரு மாத்திரையை அவளிடம் நீட்டினார்கள்.

“மத்தவங்கள்ல ஏழெட்டுப் பேருக்கு ஒருத்தருக்குத்தான் இது வருது,” என்றார் மீசைக்காரர் பெருமையாக. “நம்ம தலைவலி டாக்டர்கள்ல பாரு, எங்க திரும்பினாலும் இருக்கு!”

அவளுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. இனி என்ன பயம்? மடை திறந்தாற்போல் கொட்டினாள். “எனக்கு மாசாமாசம் வரும் மேடம்! வந்தா ரெண்டு நாள் எழுந்திருக்கவே முடியாது! ஸ்கூல் படிக்கும்போதிருந்தே இருக்கு!”

“அடடா, அச்சு அசல் நம்ம ஆளு!” என்று பூரித்தார் டாக்டரம்மா.

“அப்ப மேடம்... வேலை எனக்குத்தானே?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா அவள் கையை வாஞ்சையோடு பிடித்துக்கொண்டார்.

“மனசுல வெச்சுக்காதேம்மா. வானம் கொஞ்சம் இருட்டினாலே நாங்க மூணு பேரும் ஒண்ணா படுத்துடுறோம், வர்ற நோயாளியைப் பார்க்க நாதியில்லை. தலைவலியே வராத ஒரு டாக்டர் வேணும்னுதான் நிர்வாகத்துக்கிட்ட இந்த இடத்தையே கேட்டு வாங்கினோம்!”