வீரணன் கொடுத்த மின்சாரம்

சித்திரையில் ஓடை மெலிந்துவிட்டால், ஊருக்குச் சொந்தமான மின்நிலையத்தால் பாதி வீடுகளுக்குத்தான் மின்சாரம் தர முடியும். வீடுகள் ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்துக்கொள்ளும். மாசிலாமணியின் ஆக்சிஜன் இயந்திரம் நிற்கக் கூடாது என்பதால், அவருக்கு முறை இல்லாத நாளில் வேறொரு வீடு தன் முறையை விட்டுக்கொடுக்கும். கொடுத்தவர் பெயர் வீட்டு மீட்டரின் திரையில் வரும். அது ஊர்க்கூட்டத்தில் எடுத்த முடிவு.

அன்று வந்த பெயர் பக்கத்து வீட்டு வீரணன். ஓடையை வெளியூர் மின்சாரக் கம்பெனிக்கே கொடுத்துவிடலாம் என்று முன்பு ஊர்க்கூட்டத்தில் கை தூக்கிய ஒரே ஆள் மாசிலாமணி. அன்று நடந்த சண்டையிலிருந்து அவருக்கும் வீரணனுக்கும் பேச்சு கிடையாது.

"மிஷினை அணைச்சிரு" என்றார் மாசிலாமணி, மனைவி செவந்தியிடம். "கம்பெனின்னா பில்லைக் கட்டிட்டு நிம்மதியா மூச்சு விடலாம். இவன் குடுத்து நான் மூச்சு விடணுமா?"

"அணைச்சா, உங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக அவருதான் முதல் ஆளா வந்து நிப்பாரு. பரவாயில்லையா?"

மாசிலாமணி மூக்கிலிருந்த குழாயைச் சரிசெய்துகொண்டார்.

சற்று நேரத்தில் வீரணன் சோற்றுத் தட்டோடு வந்தார். தன் வீட்டு இருட்டில் மீன் முள் தெரியவில்லை என்று செவந்தியிடம் சொன்னார். மாசிலாமணிக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினார். மேசை விளக்கு பின்னால் இருந்ததால் அவர் நிழலே தட்டில் விழுந்தது.

மாசிலாமணி அந்தத் தட்டைப் பார்த்தார்.

"மேசை விளக்கைத் தூக்கி அந்தச் சுவர்ப் பக்கம் வை" என்றார் மனைவியிடம். "எனக்குக் கண்ணு கூசுது."