மாப்பிள்ளை கட்டிய பெட்டி

"அத்தை, கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் பக்கம் வராதீங்க. நானே கூப்பிடறேன்!"

குரல் கொடுத்த மாப்பிள்ளைக்கு வியர்த்து ஊற்றியது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

மாமியார் தையற்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. மகளும் மாப்பிள்ளையும் மாடியில் குடியிருந்தார்கள். பக்கத்து மருத்துவமனையிலிருந்து இருபத்தெட்டு நர்ஸுகளுக்குச் சீருடை தைக்க ஆர்டர் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். அதற்கு இன்றே துணியை வெட்டியாக வேண்டும். அளவுகள் எல்லாம் மாப்பிள்ளை செய்து கொடுத்த ஆப்பில் இருந்தன.

அந்த ஆப்பைத்தான் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவன் அழித்துத் தொலைத்திருந்தான்.

வேண்டுமென்று செய்யவில்லை. அத்தைக்கு எழுத்து இன்னும் பெரிதாகத் தெரியட்டும் என்று லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தான். கறுப்புத் திரையில் கட்டளை அடித்து ஆப் கட்டுவதுதான் அவன் பிழைப்பு. மூன்று தடவை கட்டினான், மூன்று தடவையும் சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. எரிச்சலில், பழைய ஆப்பை அதற்குள் இருப்பதோடு சேர்த்து நீக்கும் கட்டளையை அடித்தான். ஆபீஸில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை அடிக்கிற கட்டளைதான். 'நிச்சயமாகவா?' என்று திரை கேட்டது. படிப்பதற்கு முன்பே விரல் 'ஆம்' சொல்லிவிட்டது. இது ஆபீஸ் கம்ப்யூட்டர் இல்லை என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. அழித்ததைவிட, மூன்று வாரத்துக்கு முன்னால் பேசிய பேச்சுதான் இப்போது குத்தியது. சகலை எதிரே உட்கார்ந்திருக்க, மாப்பிள்ளை முறுக்கு உச்சியில் இருந்த நேரம் அது.

"இது மூடின பெட்டி அத்தை. ஆப் இதுக்குள்ளேயேதான் ஓடும். வெளியே கம்ப்யூட்டர்ல எதையும் தொடவோ எழுதி வைக்கவோ ஒரு அனுமதிகூடக் கொடுக்காம இறுக்கிக் கட்டியிருக்கேன். எறும்புகூட உள்ள நுழைய முடியாது. இன்னும் எதுக்கு அந்த அழுக்கு நோட்டு? பழைய பேப்பர்காரர்கிட்ட போடுங்க!"

சகலை சிரித்தான். அத்தையும் சிரித்தபடி நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாளிலிருந்து தினமும் விடிகாலையில் ஒற்றை விரலால் 'டக் டக்'கென்று தட்டும் சத்தம் மாடிக்குக் கேட்கும். "பார், உங்கம்மா எப்படிப் பழகிட்டாங்க!" என்று மனைவியிடம் பெருமை அடித்துக்கொள்வான். மாலையில் வந்து பார்த்தால் திரையில் பெயரும் அளவும் வரிசையாக நிற்கும். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மாடியேறுவான்.

இப்போது நோட்டும் போச்சு, பெட்டியும் போச்சு.

கழுத்தில் அளவு டேப்போடு மாமியார் வந்து நின்றார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஐயோ, அதை மூடிட்டீங்களா மாப்பிள்ளை?"

"அது வந்து... அப்டேட் ஆகுது அத்தை. அரை மணி நேரம் ஆகும்."

"ஓ... சரி சரி. மெதுவா ஆகட்டும்."

பொய் சொன்ன வாய் கசந்தது. ஆனாலும் உண்மை வெளியே வர மறுத்தது. இருபத்தெட்டு பேரையும் மறுபடி வரவழைத்து அளவெடுப்பது நடக்கிற காரியமா? தலைமை நர்ஸம்மா ஏற்கெனவே கறாரானவர். ஆர்டர் நேரே எதிர்த்தெருக் கடைக்குப் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து அவரிடமிருந்தே போன் வந்தது.

"பயப்படாதீங்கம்மா, ஒரு அளவுகூடத் தப்பாது," மாமியார் வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க மாப்பிள்ளை எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே ஏத்திக் கொடுத்திருக்கார். அவர் கை வெச்சா அப்பழுக்கு இருக்காது."

அவனுக்கு உடம்பே கூசிப்போனது. போனை வைத்ததும் எழுந்து நின்றான்.

"அத்தை, அப்டேட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. தப்பான கட்டளையை அடிச்சுட்டேன். எல்லா அளவும் அழிஞ்சுபோச்சு. இருந்த நோட்டையும் நான்தான் தூக்கிப் போடச் சொன்னேன். உங்க முகத்தைப் பார்க்கவே வெட்கமா இருக்கு."

மாமியார் பெரிதாக மூச்சு விட்டார்.

"இவ்வளவுதானா? நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்."

தையல் மெஷினின் இழுப்பறையைத் திறந்து, நூல்கண்டுகளை ஒதுக்கிவிட்டு, அந்த அழுக்கு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அவன் அவசரமாகப் புரட்டினான். இருபத்தெட்டு பேரும் இருந்தார்கள். நேற்று மாற்றிய தோள் அளவுகூட இருந்தது.

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே சின்னதாக ஒரு வருத்தமும் வந்து ஒட்டிக்கொண்டது.

"அப்போ என் ஆப்பை நீங்க நம்பவே இல்லையா அத்தை?"

மாமியார் டேப்பை விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடியும் சுற்றினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. நீங்க கொடுத்த நாள்லேருந்தே, ராத்திரி கம்ப்யூட்டரை அணைச்சா காலையில அதுக்குள்ள ஒண்ணுமே இருக்காது. சாயங்காலம் நீங்க வந்து பார்க்கறப்போ காலியா இருந்தா உங்க முகம் வாடிடுமேன்னு, தினமும் விடிஞ்சதும் இந்த நோட்டைப் பார்த்து எல்லாத்தையும் முதல்லேருந்து அடிச்சு வைப்பேன்."