நாற்பத்து மூன்று

"இடப்பக்கம் மூணு அடி தள்ளிக் குறி வை."

"மூணு அடியா? அந்தப் பிராணியே ஒரு அடிதான்டா."

"காத்து அப்படி அடிக்குது. நான் என்ன பண்ண?"

வெர்னன் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். பக்கத்தில், மடக்கு மேஜை மேல் டெல்மர் குனிந்திருந்தான். அவன் கையில் நீளக் குழல் வைத்த கைத்துப்பாக்கி. ஒரு தடவைக்கு ஒரே தோட்டாதான் போடலாம். ரைஃபிளால் சுடுவது சோம்பேறிகள் வேலை என்பது இருவருடைய கொள்கை.

டெல்மர் சுட்டான். இருநூறு கஜத்துக்கு அப்பால் புழுதி பறந்தது. வளை மேட்டில் நின்றிருந்த பிரெய்ரி நாய் அந்தப் புழுதியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி இவர்களைப் பார்த்தது. பெயர்தான் நாய், ஆள் கொழுத்த அணில். மாட்டுப் புல்லைத் தின்று தீர்க்கிறது என்று பண்ணைக்காரர்களுக்கு அதன் மேல் கோபம்.

"ஓடக்கூட மாட்டேங்குது" என்றான் டெல்மர்.

"அதுக்கு நம்மளைத் தெரியும்."

காலையிலிருந்து அறுபத்தொரு தோட்டா போயிருந்தது. விழுந்தது ஒன்றுமில்லை. தெற்கு டக்கோட்டாவில் ஜூன் மாதக் காற்று நின்று மூச்சு விடுகிற காற்று அல்ல.

நிலம் ஆர்லீட்டா நைகார்டுடையது. கணவர் போனபின் தனியாளாக முந்நூறு மாடுகளைக் கட்டி மேய்க்கிற அம்மாள். நாலு வருஷமாக இவர்களைச் சுட விடுகிறாள், ஒரு டாலர் வாங்கியதில்லை. அவள் சொல்கிற நாளில்தான் வர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அவள் சொல்கிற நாளிலெல்லாம் காற்று பேயாக அடிக்கும். நம் ராசி அப்படி என்று வெர்னன் நினைத்துக்கொள்வான்.

ராசியோடு போயிருந்தால் பரவாயில்லை. போன வாரம் ஊர் காபிக் கடையில் ஒரு பேச்சு அடிபட்டது. ரைஃபிள்காரச் சகோதரர்கள் இரண்டு பேர் ஆர்லீட்டாவிடம் அனுமதி கேட்டிருக்கிறார்களாம். பக்கத்துப் பண்ணையில் ஒரே நாளில் நூற்றுப் பத்து அடித்தவர்களாம். அதைக் கேட்டதிலிருந்து வெர்னனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரயில்வேயில் ஓய்வு பெற்றபின் அவனுக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் இந்த மேய்ச்சல் நிலமும் டெல்மரின் புலம்பலும்தான்.

நாலு மணிக்கு மூட்டை கட்டினார்கள். வண்டியில் ஏறியதும் டெல்மர் கேட்டான்.

"எத்தனை அடிச்சீங்கன்னு கேக்குமே அந்தம்மா?"

"வழக்கமா என்ன சொல்லுவோம்?"

"ரெண்டு மூணு இருக்கும்னு இழுப்போம்."

"இன்னைக்கு அப்படி இழுத்தா அந்த ரைஃபிள் பசங்க உள்ள வந்துடுவானுங்க." வெர்னன் வண்டியைக் கிளப்பினான். "நாப்பத்தி மூணுன்னு சொல்லிடுவோம்."

"அதென்ன மூணு?"

"வெறும் நாப்பதுன்னா புளுகுன்னு தெரிஞ்சுடும்."

ஆர்லீட்டா வீட்டு வாசலில் காபியோடு காத்திருந்தாள். இலவங்கப்பட்டை பன் வேறு சுட்டு வைத்திருந்தாள். இருவருக்கும் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"எப்படிப் போச்சு?"

"நாப்பத்தி மூணும்மா" என்றான் வெர்னன்.

வாய்க்குப் போன ஆர்லீட்டாவின் காபிக் கோப்பை பாதியில் நின்றது. "இந்தக் காத்துலயா?"

"காத்தைப் பழக்கிட்டோம்மா. இனி எந்தக் காத்தும் எங்களை ஒண்ணும் பண்ண முடியாது."

"அடுத்த தடவை நூறைத் தாண்டிடுவோம்" என்றான் டெல்மர், வாய் நிறைய பன்னோடு. "உங்க நிலத்துல ஒண்ணு மிஞ்சாது."

ஆர்லீட்டா கோப்பையைக் கீழே வைத்தாள். மேய்ச்சல் நிலத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"நல்ல மனுஷங்க நீங்க. ஒரு நாள்கூட கேட்டைச் சாத்தாம போனதில்ல" என்றாள். "ஆனா இனிமே வர வேண்டாம்."

பொய் சொல்லியும் பலனில்லாமல் போய்விட்டதே என்றுதான் வெர்னனுக்கு முதலில் தோன்றியது.

"அந்த ரைஃபிள் பசங்களுக்கு வாக்குக் குடுத்துட்டீங்களாம்மா?"

"அவனுங்களை அன்னைக்கே விரட்டிட்டேன்."

"அப்புறம் எங்களை ஏம்மா?"

"வருஷா வருஷம் மாவட்ட ஆபீஸ்லேர்ந்து ஆள் வருவான். பிரெய்ரி நாயை ஒழிக்க ஏற்பாடு பண்ணியிருக்கேன்னு நான் காட்டியாகணும். இல்லேன்னா அவனே நிலம் பூரா விஷம் வெச்சுட்டுப் போயிடுவான். பதினோரு மைலுக்கு எனக்கு அதுங்களை விட்டா வேற அக்கம்பக்கம் கிடையாது. அதுக்குத்தான் கைத்துப்பாக்கிக்காரங்களாத் தேடிப் பிடிச்சு, காத்து நாளாப் பார்த்துக் கூப்பிட்டேன். ஒண்ணைக்கூட அடிக்க மாட்டீங்கன்னு உங்களை எவ்வளவு நம்பினேன், வெர்னன்."