அணையாத சிவப்பு விளக்கு

டாக்ஸி கம்பெனிக்காரன் தலைமுழுகிய, வரும் பேச்சை வாங்கி மறுபடி அலையாக அனுப்பும் ரிப்பீட்டர் பெட்டி மாடி அறையில் திறந்து கிடக்கிறது. அதை அமெச்சூர் ரேடியோவுக்கு மாற்றும் மெக்கானிக் பக்கத்தில் குந்தியிருக்கிறார். வெளியே கம்பத்தின் உச்சியில் அவர் மச்சினன் ஆன்டெனாவை இறுக்கப் போகிறான். பெட்டி அலை அனுப்பும்போது ஆன்டெனாவைத் தொட்டால் கை வெந்துபோகும். உதறினால் ஆள் தரையில்தான். "பிளக்கைப் புடுங்கிட்டீங்களா அத்தான்?" "எப்பவோ புடுங்கியாச்சு. உங்கக்கா மாதிரி நொய்நொய்னு கேக்காம வேலையைப் பாரு." பிளக் தரையில் கிடக்கிறது. ஆனால் பெட்டியின் காற்றாடி ஓடிக்கொண்டே இருக்கிறது. குனிந்து பார்க்கிறார். அலை போவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிகிறது. கரண்டு போனாலும் பெட்டி சாகக் கூடாதென்று காலையில் பாட்டரியைக் கோத்தது அவர் கைதான். எங்கோ எவனோ மைக்கை அழுத்தியிருக்கிறான். "யாராவது இருக்கீங்களா?" என்று ஸ்பீக்கரில் முன்பின் தெரியாத குரல் கேட்கிறது. மெக்கானிக் பெட்டிக்குப் பின்னால் கையை விடுகிறார். பாட்டரி வயரைப் பிடித்து இழுக்கிறார். பொறி தெறித்து விளக்கு அணைகிறது. ஜன்னலுக்கு வெளியே கம்பத்தைத் தாங்கும் இழுகம்பி அதிர்கிறது. மேலே சத்தமே இல்லை. பிறகு, "என்ன அத்தான், பேச்சையே காணோம். தொடட்டுமா?" வயரை நெஞ்சோடு அணைத்து நிற்கிறார்.