ஷிராஸுக்குக் காற்றுப்பட வேண்டும்

விவாகரத்து கிடைத்த மறுவாரம் ரூபனும் எழினியும் வீட்டுச் சாமான்களைச் சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டார்கள். பிரிட்ஜ் அவனுக்கு, வாஷிங் மெஷின் அவளுக்கு. மிஞ்சியது கல்யாணப் பரிசாக வந்த ஷிராஸ் ஒயின். பத்து வருடம் இருட்டில் படுக்க வைத்தால்தான் பக்குவப்படும் என்று கொடுத்தவர் சொல்லியிருந்ததால், அது அலமாரிக்குள் பழைய வேட்டி சுற்றிப் படுத்திருந்தது. கல்யாணமோ ஐந்து வருடம்தான் தாங்கியது.

“திறந்துடலாம். இதுக்குன்னு தனியா ஒரு வக்கீல் வைக்க முடியாது,” என்றாள் எழினி. கீழே அவள் சாமான் ஏற்றிய லாரி ஹாரன் அடித்தது.

ரூபன் டம்ளரில் ஊற்றி ஒரு வாய் குடித்தான். நாவல்பழமும் மிளகும் கலந்த மாதிரி, வழவழவென்று இறங்கியது. ஒரு குறையும் இல்லை. குடித்து முடித்தால் அவள் கிளம்பிவிடுவாள்.

“துவர்க்குது,” என்றான். “ரெண்டு மணி நேரமாவது காத்துப்படணும். அப்பதான் குடிக்க முடியும்.”

“உன் நாக்கை நம்பி நான் ரசம்கூட வச்சதில்ல. கொடு இப்படி.”

வாங்கிக் குடித்தாள். வாய்க்குள் கொஞ்ச நேரம் வைத்திருந்து மெதுவாக விழுங்கினாள். அவன் முகத்தைப் பார்த்தாள்.

“மூணு மணி நேரம் ஆகும்டா,” என்று சொல்லிவிட்டு, லாரிக்காரரைச் சாயங்காலம் வரச் சொல்ல பால்கனிக்குப் போனாள்.